உளி ஒருவர் கையில். கணக்கு யார் கையில்?

தொழில் நடத்துகிறவர் எல்லா வேலையும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. சரக்கு வாங்க, செய்ய, விற்க, கணக்கெழுத, அலுவலகப் படியேற எல்லாவற்றிற்கும் ஒரே ஆள். அவர் காய்ச்சலில் படுத்தால் கடைக்குப் பூட்டு! இதனை உழைப்பென்று புகழ்வோர் உண்டு. எனக்கோ இது கைத்திறனை வீணாக்குவதாகவே தோன்றுகிறது.

நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை மரத்துண்டில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு ஓர் உருவத்தை வெளிக்கொணரும் கை, பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. அந்தக் கை உளியைக் கீழே வைத்துவிட்டு ரசீது எழுதவும், லாரி அலுவலகத்தில் கால்கடுக்க நிற்கவும் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டமன்றோ? பார்சல் கட்டவும் கடிதம் எழுதவும் ஆள் கிடைப்பர். சிலையின் முகத்தைச் செதுக்க எத்தனை பேர் கிடைப்பர்?

"பிறரிடம் விட்டால் ஏமாற்றிவிடுவார்களே!" என்று பெற்றோர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான அச்சம்தான். கல்வராயன் மலையில் கடுக்காயும் தேனும் புளியும் சேகரிக்கும் மக்கள் நெடுங்காலமாகவே விற்பனையைப் பிறரிடம் விட்டவர்கள்தாம். முன்பணம் கொடுத்த வியாபாரியே எடைபோட்டு, அவரே விலைசொல்லி, கணக்கையும் அவரே வைத்துக்கொண்டால், அதற்குப் பெயர் பொறுப்பை ஒப்படைத்தல் அன்று; அகப்பட்டுக்கொள்ளுதல். யாரைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலையை ஒப்படைக்கலாம்.

குஜராத்தின் கெய்ரா மாவட்ட விவசாயிகளுக்கும் அதே நிலைதான் இருந்தது. எருமை வளர்க்கவும் பால் கறக்கவும் அவர்களுக்குத் தெரியும். விலை ஒப்பந்தக்காரர் சொன்னது. 1946இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1949இல் ஆனந்த் நகருக்கு வந்த வர்கீஸ் குரியனிடம் பின்னர் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். இவர் சென்னை இலயோலாவிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அவரும் எல்லாவற்றையும் தாமே செய்யப் புகவில்லை. எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர் கைவிரித்தபோது, அந்த வேலையைத் தலயா என்ற பால்தொழில் நுட்பரிடம் விட்டார். 1955இல் தொழிற்சாலை எழுந்தது. இவ்வளவுக்கும் சங்கத்தின் உரிமையாளர் விவசாயிகளே. குரியன் அவர்களிடம் சம்பளம் வாங்கிய ஊழியர். விவசாயி எருமையை விட்டுவிட்டு இயந்திரம் பழகவும் இல்லை, இயந்திரம் தெரிந்தவரிடம் சங்கத்தை எழுதிக்கொடுக்கவும் இல்லை.

பெண்களால் ஆகுமா என்பவர்களுக்கு ஒரு சொல்: 1959இல் பம்பாயில் 7 பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கியதே லிஜ்ஜத் அப்பளம்.

நம் மறையிலும் இதற்குச் சான்று உண்டு. எருசலேம் திருச்சபையில் அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டபோது, அப்போஸ்தலர் பந்தி விசாரணையில் தாமே இறங்கவில்லை. நற்பெயர் பெற்ற எழுவரைச் சபையையே தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்கள்மேல் கைகளை வைத்து அப்பொறுப்பை அளித்தார்கள். முடியப்பர் அந்த எழுவரில் ஒருவர். நற்பெயர் முதலில் பார்க்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

வணிகவியல் பயிலும் மாணவியரே, பட்டறை வீட்டில் பிறந்த பெண் "எனக்கு உளி பிடிக்கத் தெரியாது, அப்பாவின் தொழில் எனக்கு எதற்கு?" என்று நினைத்துச் சென்னைக்குப் பேருந்து ஏறுகிறாள். அவள் கற்ற பேரேடும் விலைக்கணிப்பும்தானே அந்தப் பட்டறையில் இல்லாதவை? மரத்தின் விலை, வேலை நாட்கள், மெருகுச் செலவு இவற்றைக் கூட்டாமல் தந்தையார் குத்துமதிப்பாக விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரே ஒரு சிலைக்கு மட்டும் இவற்றை எழுதிக் கூட்டிப் பாருங்கள். வரும் தொகையை அவர் வழக்கமாகச் சொல்லும் விலைக்குப் பக்கத்தில் எழுதி, அவரிடமே காட்டுங்கள்.