நோட்டரி முத்திரையால் கிரயம் ஆகாது

நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் எந்தப் பத்திரமும் செல்லும் என்ற நம்பிக்கை, தூத்துக்குடிக் கடலோரத்தில் உப்பளத் தொழிலாளி முதல் தோணி உரிமையாளர் வரை வேரூன்றியிருக்கிறது. சிறுகச் சேர்த்த பணத்தைப் பறிகொடுக்கச் செய்யும் இந்தப் பிழையை, உண்மை தெரிந்தவர்களும் கட்டணம் பெற்றுக்கொண்டு திருத்தாமல் விடுவது கண்டிக்கத்தக்கது.

1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், 8ஆம் பிரிவில், நோட்டரியின் பணிகளைத் தனித்தனியே வகுத்திருக்கிறது. துறைமுக நகரத்தார்க்கு அவற்றுள் எளிதில் விளங்கக்கூடியது கப்பல் புரோட்டெஸ்ட். புயலில் அடிபட்டுக் கரை சேர்ந்த கப்பலின் தலைவரோ தோணியின் தண்டலோ நோட்டரி முன் சென்று, காற்றும் கடலும் இருந்த நிலையையும் சரக்குக்குச் சேதம் நேர்ந்திருக்கலாம் என்பதையும் பதிவு செய்வதே அது. பின்னர்ச் சரக்குக்கு உரியவர் இழப்பீடு கோரினால், சேதத்துக்குக் காரணம் கடலின் சீற்றமே என்று வாதிட அப்பதிவு துணை நிற்கும். ஆயினும் மன்னார் வளைகுடாவில் வீசிய காற்றை நோட்டரி கண்டவரல்லர். இன்னவர் இன்ன நாளில் இவ்வாறு கூறினார் என்பதற்கே அவர் சாட்சி.

பிற பணிகளுக்கும் இத்தகைய எல்லை உண்டு. பிரமாணப் பத்திரத்தில், எழுதியவர் சத்தியம் செய்தார் என்பதை நோட்டரி உறுதி செய்கிறார். அதிலுள்ள செய்திக்குச் சத்தியம் செய்தவரே பொறுப்பு. கையொப்பச் சான்று, ஒப்பமிட்டவர் இன்னார் என்பதைக் காட்டுகிறது. உண்மை நகல் மூலத்தோடு ஒத்திருப்பதை மட்டும் சொல்வதால், மூலம் போலியானால் நகலும் போலிதான்.

மனை வாங்குவோர் ஏமாறுவது இந்த எல்லை தெரியாமல்தான். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவின்படி, சார்பதிவாளரிடம் பதிவான பத்திரத்தால்தான் நிறைவேறும். நோட்டரி முத்திரையை மட்டும் நம்பி முழுப்பணத்தையும் கொடுத்தவரிடம் உரிமை வந்து சேர்வதில்லை. விற்றவர் அதே மனையை வேறொருவர்க்குப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், ஏழைக்கு மிஞ்சுவது வழக்குச் செலவுதான். கிரய ஒப்பந்தம், பவர் பத்திரம், உயில் ஆகியவற்றைச் சேர்த்து எழுதிச் சொத்தைக் கைமாற்றும் வழக்கத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

வளைகுடாவின் மறுகரையில் சட்டம் வேறு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிருந்து அத்தாட்சி செய்யாத காணி உறுதி செல்லாது. கொழும்போடு தலைமுறைகளாக வணிகம் செய்த ஊரில், இங்கும் அதுவே முறை என்று எண்ணுவோர் இருந்தால் வியப்பில்லை. ஆனால் இந்தியச் சட்டம் நோட்டரிக்கு அந்த அதிகாரத்தை அளிக்கவில்லை.

உயில் விஷயத்தில் இதே நம்பிக்கை எதிர்த்திசையில் தீங்கு செய்கிறது. இந்துக்களும் கிறித்தவர்களும் எழுதும் உயிலுக்கு, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவு எழுதியவரின் ஒப்பத்தையும் இரு சாட்சிகளின் ஒப்பத்தையும் கேட்கிறதே தவிர, நோட்டரியைக் கேட்கவில்லை. முத்திரை இல்லாத உயில் வெற்றுத்தாள் என்று மிரட்டி, கணவனை இழந்தவளையோ மகளையோ பங்கை விட்டுக்கொடுக்கச் செய்யும் உறவினர்க்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.