நட்புக்கு நடுவே ஒரு கல்லாப்பெட்டி

இரண்டு சிநேகிதர்கள் பூப்பந்து ஆட நினைக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் தம்முடைய மட்டையைக் கிழக்கு வீதிக் கடையில் வாங்கினார். மற்றவர் அதே மாதிரி மட்டையை மேற்கு வீதிக் கடையில் வாங்கினார். இருவரும் மைதானத்துக்குப் போகிறார்கள். வாசலில் ஓர் ஆள் வழிமறித்து, "ரசீதைக் காட்டுங்கள்" என்கிறான். பார்த்துவிட்டு, "நீங்கள் இந்தப் பக்கம் போங்கள், அவர் அந்தப் பக்கம் போகட்டும். நடுவில் சுவர் இருக்கிறது. வேறு வேறு கடையில் வாங்கியவர்கள் சேர்ந்து ஆடக் கூடாது" என்கிறான்.

இப்படி ஒருவன் சொன்னால் நாம் முதலில் சிரிப்போம். சிரித்து ஓய்ந்த பிறகு கோபப்படுவோம். ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டு உலகத்தில் இதே காரியம் நடந்திருக்கிறது; இன்றும் பல விளையாட்டுகளில் நடக்கிறது. யாராவது ஏன் என்று கேட்டால், "அது தொழில்நுட்ப விஷயம், உங்களுக்குப் புரியாது" என்று வாயை அடைத்து விடுகிறார்கள். புரியாமல் போவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கல்லாப்பெட்டியைப் பார்த்திருக்கிற எவருக்கும் புரியக் கூடிய விஷயந்தான்.

"விளையாட்டுத்தானே! பையன்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் இன்று படிப்புக்காக ஓர் ஊரிலும் பிழைப்புக்காக இன்னோர் ஊரிலும் சிதறிக் கிடக்கிறார்கள். இரவில் ஒரு மணி நேரம் அவரவர் அறையில் உட்கார்ந்து, ஒரே ஆட்டத்தில் கூடி, காதில் மாட்டிய கருவி வழியாகப் பேசிச் சிரித்துக் கொள்கிறார்கள். நம் தாத்தாக்களுக்குத் திண்ணை எப்படியோ, இவர்களுக்கு அந்த ஆட்டம் அப்படி. திண்ணையின் நடுவே ஒருவன் சுவர் எழுப்பினால், அது வீட்டிலுள்ள எல்லாருக்கும் உரிய விஷயமாகி விடுகிறது.

முதலில் இந்தக் கடைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டை இப்போது பெட்டியில் வைத்து விற்பது அபூர்வம். பணம் கட்டினால் இன்டர்நெட் வழியே வந்து இறங்குகிறது. அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2003-ல் ஆரம்பித்த ஸ்டீம்தான் இந்த வியாபாரத்தில் பெரிய கடை. விற்பனையில் 30 சதவிகிதம் அதன் கமிஷன். மிக அதிகமாக விற்கிற விளையாட்டுகளுக்கு மட்டும் 2018 முதல் கொஞ்சம் குறைத்துக் கொள்கிறார்கள். அதே 2018 டிசம்பரில் எபிக் என்ற கம்பெனி எதிர்க்கடை திறந்து, "எங்களுக்கு 12 சதவிகிதம் போதும்" என்றது. மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கடை இருக்கிறது. இன்னும் சில சின்னக் கடைகளும் உண்டு. இவர்கள் போட்டி போடட்டும். விலையிலே போட்டி, கமிஷனிலே போட்டி, சௌகரியத்திலே போட்டி—எல்லாவற்றையும் நான் வரவேற்கிறேன். சரக்கை வாங்கியவன் யாரோடு விளையாடலாம் என்பதையும் கடை தீர்மானிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2016 நவம்பரில், "கால் ஆஃப் டூட்டி" என்ற பிரசித்தி பெற்ற துப்பாக்கிச் சண்டை வரிசையில் "இன்ஃபினிட் வார்ஃபேர்" என்ற புதிய விளையாட்டு வெளிவந்தது. ஸ்டீமிலும் கிடைத்தது, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் கடையிலும் கிடைத்தது. வெளியிட்டவர் ஒருவரே, ஓடுகிற கம்ப்யூட்டரும் ஒன்றே. ஆனால் விண்டோஸ் கடையில் வாங்கியவர்கள், அதே கடையில் வாங்கியவர்களோடு மட்டுந்தான் ஆட முடியும் என்று ஏற்பாடு. கூட்டமோ ஸ்டீம் பக்கம் இருந்தது. விண்டோஸ் கடையை நம்பிப் பணம் கட்டியவர்கள், போர்க்களத்தில் எதிரிகூடக் கிடைக்காமல் காத்துக் கிடந்தார்கள். ஹோட்டலில் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிக் கொண்டு, வெறும் இலையைப் போட்டுவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சேர்ப்பது முடியாத காரியமா? மூன்றே வருஷம் கழித்து, 2019-ல், அதே வரிசையில் வந்த "மாடர்ன் வார்ஃபேர்" விளையாட்டில் கம்ப்யூட்டர்காரர்களும், சோனியின் பிளேஸ்டேஷன்காரர்களும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ்காரர்களும் ஒரே களத்தில் நின்று ஆடினார்கள். வெவ்வேறு யந்திரங்களே கைகோத்துக் கொண்டன. அப்படியிருக்க, 2016-ல் ஒரே மாதிரி யந்திரத்தில் ஓடிய ஒரே விளையாட்டு இரண்டாகப் பிளந்து கிடந்ததற்குக் காரணம் மின்சாரத்திலோ கம்பியிலோ இருந்திருக்க முடியாது.

பின் எங்கே இருக்கிறது? பல பேர் கூடி ஆடும் விளையாட்டுக்கு மூன்று காரியங்கள் வேண்டும். ஆட வருகிறவர் யார் என்ற அடையாளம் வேண்டும். சிநேகிதருக்கு அழைப்பு அனுப்ப வழி வேண்டும். ஆட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க ஒரு தரகன் வேண்டும். இந்த மூன்றையும் கடைக்காரரே தயாராகச் செய்து வைத்து, விளையாட்டுத் தயாரிப்பாளருக்கு இலவசமாகத் தருகிறார். வால்வ் தரும் ஏற்பாட்டுக்கு ஸ்டீம்வொர்க்ஸ் என்று பெயர். கெட்ட ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். சிறிய தயாரிப்பாளருக்கு எவ்வளவோ உழைப்பு மிச்சமாகிறது. ஆனால் இந்த இலவசத் தரகனுக்கு ஸ்டீம் வாடிக்கைக்காரர்களை மட்டுமே தெரியும். அவனை நம்பி விளையாட்டைக் கட்டியவர், நாளைக்கு அதை இன்னொரு கடையில் விற்கப் போனால், அங்கே வாங்குகிறவர்களுக்குத் தனி அரங்கம் கட்ட வேண்டும். அல்லது கூடி ஆடும் பகுதியையே வெட்டிவிட்டு விற்க வேண்டும். இரண்டும் நடக்கின்றன. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்பார்கள். சரி, பார்க்க வேண்டாம். கயிறு யார் கையில் இருக்கிறது என்றாவது பார்க்க வேண்டாமா?

இந்தச் சுவர்கள் தாமாக முளைத்தவை என்று சாதிக்கிறவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இது கம்ப்யூட்டர் கடைகளுக்கு அண்ணன்மார்களான வீட்டு விளையாட்டு யந்திரக் கம்பெனிகளின் கதை. ஆனால் குணம் ஒன்றுதான். 2017 செப்டம்பரில், எபிக்கின் "ஃபோர்ட்நைட்" விளையாட்டில் பிளேஸ்டேஷன்காரர்களும் எக்ஸ்பாக்ஸ்காரர்களும் திடீரென்று ஒரே ஆட்டத்தில் சந்தித்துக் கொண்டார்கள். அது அமைப்பில் நேர்ந்த பிசகு என்று சொல்லி எபிக் அதைச் "சரி" செய்துவிட்டது. அதாவது, கதவைப் பூட்ட மறந்திருந்தபோது இரு தரத்தாரும் நிம்மதியாக ஆடினார்கள். ஞாபகம் வந்து பூட்டிய பிறகு ஆட முடியவில்லை. "முடியாது" என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் வேண்டுமா?

அதே வருஷம் ஜூன் மாதத்தில், "மைன்கிராஃப்ட்" விளையாட்டில் மற்ற யந்திரக்காரர்களோடு சேர ஏன் மறுக்கிறீர்கள் என்று சோனியின் உயர் அதிகாரி ஜிம் ரயனைக் கேட்டார்கள். தங்களிடம் ஆடும் சிறுவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பை அவர் காரணமாகச் சொன்னார். உன்னதமான காரணம்! 2018 செப்டம்பரில், ஆட்டக்காரர்களின் கூச்சலுக்குப் பிறகு, சோனி ஃபோர்ட்நைட்டுக்குக் கதவைத் திறந்தது. 2021-ல் எபிக்கும் ஆப்பிளும் அமெரிக்கக் கோர்ட்டில் வழக்காடியபோது, தாக்கலான காகிதங்களில் உள்கணக்கு வெளிப்பட்டது. பிளேஸ்டேஷனில் ஆடுகிறவர்கள் ஆடுகிற நேரத்துக்குத் தக்கபடி அங்கே பணம் செலவழிக்காமல் வேறிடத்தில் செலவழித்தால், தயாரிப்பாளர் சோனிக்கு ஈடு கட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை! எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி சாட்சி சொல்லும்போது, இப்படிக் கேட்டது சோனி ஒன்றுதான் என்றார். குழந்தைகளைக் காப்பதாகச் சொன்னவர்கள் உண்மையில் எதைக் காத்தார்கள் என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

"இவ்வளவு ரகளை எதற்கு? எல்லாரும் பெரிய கடையிலேயே வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்று ஒரு சாது யோசனை சொல்வார். ஐயா, சுவரின் பலனே அதுதான்! சிநேகிதர்கள் பத்துப் பேர் ஒரு கடையில் வாங்கியிருந்தால், பதினோராவது ஆள் விலையைப் பார்ப்பதில்லை; தரத்தைப் பார்ப்பதில்லை; கூட்டம் இருக்கிற இடத்தில் போய் விழுகிறான். எதிர்க்கடைக்காரர் எவ்வளவு நியாயமான கமிஷன் வாங்கினாலும் ஈயோட்ட வேண்டியதுதான். நட்பையே தூண்டிலாக்கி மீன் பிடிக்கும் வியாபாரம் இது.

டெலிபோன் புதிதாய் இருந்த காலத்து அமெரிக்கச் சரித்திரம் இதற்கு ஒரு பாடம். 1890-களில் பெல்லின் மூலப் பேடண்டுகள் காலாவதியானதும், ஊருக்கு ஊர் புதுக் கம்பெனிகள் கிளம்பின. ஒரு கம்பெனி டெலிபோனிலிருந்து இன்னொரு கம்பெனி டெலிபோனைக் கூப்பிட முடியாது. வியாபாரிகள் மேஜையில் இரண்டு டெலிபோன் வைத்துக் கொண்டு தவித்தார்கள். கடைசியில் 1913-ல், சர்க்காரின் நெருக்குதலுக்குப் பயந்து, தன் தூரதேசக் கம்பிகளில் மற்றக் கம்பெனிகளையும் சேர்த்துக் கொள்வதாகப் பெல் தரப்பு வாக்குக் கொடுத்தது. இன்றைக்கு யாராவது, "உன் டெலிபோன் எந்தக் கம்பெனி? அப்படியானால் உன்னோடு பேச முடியாது" என்று சொன்னால், அவனுக்கு வைத்தியம் பார்க்க மாட்டோமா?

எபிக்கை மாலை போட்டு வணங்கச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எபிக் தன் இணைப்பு ஏற்பாட்டை எந்தக் கடையில் விற்கும் விளையாட்டுக்கும் இலவசமாகத் தருகிறது. 2022-ல், ஸ்டீம் சிநேகிதரையும் எபிக் சிநேகிதரையும் ஒரே ஆட்டத்துக்கு அழைக்கும் வசதியை அதில் சேர்த்தது. 2023 மார்ச்சில், தன் கடைக்கு வரும் கூட்டு விளையாட்டுகள் மற்றக் கம்ப்யூட்டர் கடைகளில் வாங்கியவர்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று விதித்தது. எல்லாம் பாராட்ட வேண்டியவைதான். ஆனால் "பார்டர்லாண்ட்ஸ் 3" விளையாட்டை 2019 செப்டம்பரிலிருந்து ஆறு மாதம் ஸ்டீம் பக்கம் போகவிடாமல் தன் கடையில் வைத்துக் கொண்டதும் இதே எபிக்தான். 2020 மார்ச்சில் அது ஸ்டீமுக்கு வந்தபோது இரு கடைக்காரர்களும் சேர்ந்து ஆடினார்கள் என்பதும் வாஸ்தவம். சின்னக் கடைக்குச் சுவர் இடிந்தால் லாபம். ஆகவே இடிக்கச் சொல்கிறது. நாளைக்கு அதுவே பெரிய கடையானால், கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் செங்கல்லைக் கையில் எடுக்காது என்பதற்கு யார் ஜாமீன்? வியாபாரியின் நல்ல மனசு நல்லதுதான். அதை நம்பி வீடு கட்ட முடியாது.

தரகனே கடையைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை. கேம்ஸ்பை என்ற ஸ்தாபனம் பல கம்பெனிகளின் விளையாட்டுகளுக்கு ஆள் சேர்க்கும் வேலையைச் செய்து வந்தது. 2014 மே 31-ல் அது மூடப்பட்டது. வேறு ஏற்பாட்டுக்கு மாறிக் கொண்ட விளையாட்டுகள் பிழைத்தன. மாறாதவற்றில் சிலவற்றை ரசிகர்களே பாடுபட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். மற்றவற்றின் கூடி ஆடும் பகுதிக்குப் பணம் கொடுத்தவர்கள் கையில் மிஞ்சியது பூஜ்யம்.

வாங்குகிறவர்களையும் இரண்டு வார்த்தை கேட்காமல் விட முடியாது. "நான் ஸ்டீம் கட்சி", "நான் எபிக் கட்சி" என்று கடைகளுக்குக் கொடி பிடித்து, ஒருவரையொருவர் ஏசிக் கொள்கிறார்கள். எந்த மளிகைக் கடைக்காகவாவது நாம் அண்டை வீட்டாரோடு சண்டை போட்டதுண்டா? அந்த வீரத்தைக் கொஞ்சம் கடைக்காரரிடம் காட்டினால் காரியம் நடக்கும். நடந்தும் இருக்கிறது. 2024-ல் "ஹெல்டைவர்ஸ் 2" என்ற விளையாட்டில், ஸ்டீமில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன்காரர்களும் சில மாதங்களாகச் சேர்ந்து ஆடிக் கொண்டிருந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் சோனி, ஸ்டீமில் வாங்கியவர்களும் தன்னிடம் கட்டாயமாகக் கணக்குத் தொடங்க வேண்டும் என்றது. அந்தக் கணக்கே தொடங்க முடியாத தேசங்களிலும் விளையாட்டை விற்றிருந்தார்கள்! வாங்கியவர்கள் கொதித்தெழுந்து கண்டனத்தைக் குவித்தார்கள். சில நாட்களுக்குள் சோனி உத்தரவைத் திரும்பப் பெற்றுக் கொண்டது.

ஆகவே நான் கேட்பது மூன்று. இந்த விளையாட்டை வாங்கினால் எந்த எந்தக் கடைக்காரர்களோடு சேர்ந்து ஆடலாம் என்பதை, விலைக்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போடட்டும். ஒரே விளையாட்டை இரண்டு கடையில் விற்கிறவர், இரண்டு கடையில் வாங்கியவர்களையும் சேர்த்து வைக்கும் பொறுப்பையும் ஏற்கட்டும். பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கொள்கிறாரல்லவா? ஆள் சேர்க்கும் அரங்கத்தை மூடுகிற நாளில், ஆட்டக்காரர்கள் தாங்களே நடத்திக் கொள்ளச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இவற்றில் எதுவும் கடைக்காரரின் சோற்றில் மண்ணைப் போடாது. சரக்கை விற்கட்டும், லாபம் சம்பாதிக்கட்டும், மாடி மேல் மாடி கட்டட்டும். ஆனால் என் சிநேகிதன் அவர் கடைச் சரக்கு அல்ல. அவனுக்கு விலைச்சீட்டு ஒட்டும் உரிமையை எந்த ரசீதும் அவருக்குக் கொடுக்கவில்லை.