எந்தப் படகு நல்ல படகு?

ஒரே வகையான இரு பொருள்களை அருகருகே வைத்து, “இவற்றுள் எது சிறந்தது?” என்று வினவுதல் மனித இயல்பு. மாணவர் இரு பேனைகளை ஒப்பிடுவர். தாய்மார் இரு சேலைகளை ஒப்பிடுவர். ஆயின், “எவருடைய கைக்கு, எந்தக் காரியத்துக்கு?” என்ற வினாவைச் சேர்த்துக் கேட்பவர் மிகச் சிலரே. அவ்வினாவின் அருமையை, 1968ஆம் ஆண்டிலே உலகைச் சுற்றப் புறப்பட்ட இரு பாய்ப்படகுகளின் வரலாறு நன்கு உணர்த்தும்.

இலண்டன் ‘சண்டே ரைம்ஸ்’ பத்திரிகை அவ்வாண்டில் ஒரு போட்டியை அறிவித்தது. தன்னந்தனியனாக, எத்துறையிலும் தங்காது, எவர் உதவியும் பெறாது உலகைச் சுற்றி வருதல் வேண்டும். முதலில் திரும்புபவருக்கு ஒரு பொற்கோளம். குறைந்த நாள்களில் முடிப்பவருக்கு 5,000 பவுண். புறப்பட்டவர் ஒன்பதின்மர். அவர்களுள் இருவரின் படகுகளையே ஈண்டு நோக்குகின்றோம். ஒன்று ஆங்கிலேயரான றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரனின் ‘சுகைலி’. மற்றையது பிரெஞ்சுக்காரரான பேர்ணாட் முவாத்தெசியேயின் ‘ஜோசுவா’.

இரண்டும் ஒரு குலத்தில் உதித்தவை என்னலாம். முன்னும் பின்னும் கூர்மையான உருவம், நீண்ட அடிமரம், இரண்டு பாய்மரங்கள் ஆகியன இரண்டுக்கும் பொது. புயலிடைச் சிக்கிய மீனவரைக் காப்பதற்கென்று நோர்வே நாட்டுக் கொலின் ஆச்சர் அமைத்த படகுகளே இவ்வடிவத்துக்கு முன்மாதிரி. பின்னிருந்து வரும் பேரலையைப் பிளந்து வழிவிடுவது கூரிய பின்புறத்தின் சிறப்பு.

வேற்றுமை நீளத்திலும் உடலிலும் இருந்தது. சுகைலி 32 அடி. ஜோசுவா ஏறத்தாழ 40 அடி. படகின் நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை மாணவர் எளிதிற் கணிக்கலாம். நீர்மட்டத்திலே படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால், இத்தகைய கனத்த படகு மணிக்கு எத்தனை கடல்மைல் ஓடலாம் என்னும் எல்லை கிடைக்கும். 25 அடிக்கு 6.7, 36 அடிக்கு 8. இச்சிறு வேற்றுமை மாதக்கணக்கில் திரளும்போது பெரிதாகின்றது. சுகைலி புறப்பட்டு 69 நாள்கள் கழிந்த பின்னரே ஜோசுவா புறப்பட்டது. ஆயினும், தென்னமெரிக்காவின் கோடியிலுள்ள கோண் முனையை இரண்டும் கடந்தபோது இடைவெளி 19 நாள்களாகச் சுருங்கியிருந்தது!

சுகைலி பம்பாயிலே தேக்குமரத்தால், வாய்ச்சி பிடித்த தச்சர்களின் கைவண்ணத்தில் உருவானது. ஜோசுவாவின் உடல் உருக்கு. பாய்மரங்களோ தந்திக் கம்பங்கள். மரம் பொருத்துத் தளர்ந்தால் ஒழுகும். ஆனால் உளியும் பஞ்சும் கொண்டு ஒருவனே திருத்திவிடலாம். உருக்கு ஒழுகாது, மோதலையும் தாங்கும். ஆனால் வர்ணம் பூசுவதிற் சோம்பினால் துரு தின்றுவிடும்.

நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் முதலில் விரும்பியது புதியதொரு பெரிய உருக்குப் படகையே. அதற்குப் பணம் கிட்டவில்லை; ஆகவே இருந்த படகையே எடுத்தார். அத்திலாந்திக்கிலே அது ஒழுகத் தொடங்கியது. அவர் நீரில் மூழ்கி, பலகைகளின் இடுக்கிற் பஞ்சைத் திணித்தார். எங்கள் ஓடாவிகள் கலப்பற்று என்பது இதனையே. இடையில் ஒரு சுறா வந்தது. மேலேறி அதனைச் சுட்டுவிட்டு மீண்டும் இறங்கினார். பின்னர் தானே திசைகாக்கும் சுக்கான் பொறியும் முறிந்தது. பாய்களைக் கூட்டியும் குறைத்தும் படகு தானே வழியில் நிற்குமாறு செய்தார். எந்தப் பாய்க்கு அது எப்படி இணங்கும் என்று அறிந்திருந்தமையாலன்றோ இது கைகூடிற்று! நான்கு மாதங்களுக்கு மேலாக அவரைப்பற்றிய செய்தியே கிடைக்காதிருக்க, 1969 ஏப்ரில் 22ஆம் திகதி, 312ஆம் நாளிலே, புறப்பட்ட பல்மத் துறையை அடைந்தார். ஒன்பதின்மருள் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

ஜோசுவா தோற்றதா? இல்லை. கேப் ரவுணுக்கு அண்மையில் ஒரு கப்பலுடன் மோதி, முன்னே நீண்டிருந்த இரும்புக் கழி வளைந்தது; முவாத்தெசியே கப்பியும் கயிறும் கொண்டு அதனை நிமிர்த்தினார். கோண் முனைக்கு அப்பால், பரிசுப் பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அவர் போட்டியையே துறந்தார். கடலிலே தாம் மகிழ்வுடன் இருப்பதாக எழுதி, அதனை ஒரு கப்பலின் தளத்துக்குக் கவணால் எறிந்துவிட்டு, மீண்டும் கிழக்கே ஓடி, 1969 ஜூனில் தஹிற்றித் தீவிற் கரைசேர்ந்தார். 1982இல் மெக்சிக்கோக் கரையில் ஒரு புயல் ஜோசுவாவை மணலில் எறிந்தது. உருக்குடலாதலின் அது சிதையவில்லை; மீட்கப்பட்டுப் பின்னர் பிரான்சில் லா றொஷெல் நகரக் கடல்சார் நூதனசாலையைச் சேர்ந்தது. சுகைலியும் 2018இல் அப்பயணத்தின் 50ஆம் ஆண்டு நினைவாகப் பல்மத்தில் மீண்டும் பாய் விரித்தது.

வேகமும் உறுதியும் வேண்டுமெனின் ஜோசுவாவே மேல். குறைந்த செலவில், தன் கையாலேயே திருத்தத்தக்கது வேண்டுமெனின் சுகைலி மேல். பொருள் வாங்கும் இல்லத்தாரும், துறை தேரும் மாணவரும் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: சிறந்ததைத் தேடிக் கரையிலே காத்திருப்பவனிலும், கையிலிருப்பதன் குறைகளை முற்றும் அறிந்து புறப்படுபவன் வெகுதூரம் செல்வான்.

வெற்றி பெற்றவர் அந்த 5,000 பவுணைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. போட்டியிலே உயிரிழந்த டொனால்ட் குறோகேர்ஸ்ற் என்பாரின் மனைவி மக்களுக்கு அதனை ஈந்தார். படகுகளை அடியாலும் மைலாலும் அளக்கலாம். மாலுமியை அளப்பதற்கு வேறு கோல் வேண்டும்.