துள்ளினால் ருசியா?

தேனி, சின்னமனூர், கம்பம் என எந்த ஊர் மீன் கடையில் நின்றாலும் பேச்சு ஒன்றுதான்: "உயிரோட துள்ளுதுண்ணே, இதவிட என்ன வேணும்?" நாமும் ஒரு சாண் தண்ணீரில் வாயைப் பிளந்து தவிக்கும் கட்லாவையும் ரோகுவையும் கூடுதல் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். துள்ளல்தான் தரம் என்ற இந்த நம்பிக்கை சுத்த அபத்தம். சதையைக் கெடுப்பதில் அந்தத் துள்ளலுக்கும் பங்குண்டு.

தவித்துத் துள்ளும் மீனின் தசைக்கு ஆக்ஸிஜன் போதாது. சேர்த்து வைத்த கிளைக்கோஜன் கரைந்து லாக்டிக் அமிலம் ஏறும். இப்படிக் களைத்துச் சாகும் மீன் சீக்கிரம் விறைக்கும். விறைப்பு சீக்கிரமே விட்டு, கெடவும் தொடங்கும். துண்டு குழம்பில் உதிர்ந்தால் சமைத்தவரைத் திட்டுகிறோம், பாவம். ஜப்பானில் பிடித்த கையோடு மூளையில் குத்திக் கொல்லும் இக்கெஜிமே முறை உண்டு. அங்கே அந்த மீனுக்கு நல்ல மதிப்பு.

அடுத்தது இரை. எடை நிற்கும் என்று பிடிக்கும் நாள்வரை தவிடும் கடலைப் புண்ணாக்கும் போடுவது லாபமில்லை. நிறைந்த குடலில் உள்ள நொதிகளும் கிருமிகளும் வெயில் காலத்தில் வயிற்றுச் சதையை விரைவில் இளக்கிவிடும். ஓரிரு நாள் பட்டினி போட்டால் குடல் காலியாகும். கொண்டுபோகும் டிரம் தண்ணீரும் நாறாது.

"கம்மா மீனுன்னா சேத்து வாடை அடிக்கத்தான் செய்யும்" என்பது இன்னொரு சால்ஜாப்பு. வாடைக்குக் காரணம் நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் போன்ற பொருள்கள். அவை செவுள் வழியே ஏறிக் கொழுப்பில் தங்கும். சுத்தமான ஓட்டத் தண்ணீரில் இரையில்லாமல் சில நாள் விட்டால் வாடை குறையும். புளி அதை அடக்குவதும் உண்மைதான், அமிலத்தில் ஜியோஸ்மின் சிதையும். அதற்காக வளர்த்தவர் செய்ய வேண்டிய வேலையை நம் வீட்டுப் புளியின் தலையில் கட்டலாமா?

செத்த மீன் என்றால் பழசைத் தள்ளிவிடுவார்களே என்ற பயம் நியாயம்தான். அதற்குச் செவுளின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் பாருங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை கடைக்காரரிடம் "துள்ளுதா?" என்று கேட்காதீர்கள். "எப்ப இரைய நிப்பாட்டுனாங்க? பிடிச்சதும் மண்டையில தட்டி, மீனுக்குச் சமமா ஐஸ் போட்டாங்களா?" என்று கேளுங்கள்.