மன்னிப்பு யாரிடம்?

காவல் நிலையப் புகார்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. வரப்புத் தகராறோ வாடகைத் தகராறோ, முதல் தகவல் அறிக்கை ‘அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து’ என்றுதான் போகும். அதில் அசிங்கமாகத் திட்டியதற்கு நெடுங்காலம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296. மூன்று மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசி அடுத்தவருக்கு எரிச்சலூட்டினால் குற்றம்.

ஆவணி முகூர்த்த நாளில் திருவந்திபுரம் சாலைக்கு வந்து பார்த்தால் இந்தப் பிரிவில் மாவட்டத்தையே உள்ளே தள்ளலாம். தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம் நடத்துவது கடலூர் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தலைமுறை வழக்கம். கொரோனாவில் கோயில் சாத்தியிருந்தபோதுகூட வாசல் சாலையிலேயே நின்று தாலி கட்டினார்கள். அப்படியொரு முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையை முடித்துக்கொண்டு, உடன் வேலை பார்த்தவர் மகள் கல்யாணத்துக்கு திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஆட்டோவில் போனேன். மடியில் பைபிள், வெள்ளைச் சட்டை.

கெடிலக்கரையை நெருங்கும்போது எதிரே வந்த வேன் ஒன்று குறுக்கே மூக்கை நுழைத்தது. எங்கள் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, வேன்காரரின் அம்மாவைப் பற்றி முழுதாக ஒரு வாக்கியம் சொன்னார். கூடவே அவர் எந்தத் தெருவில் பிறந்திருப்பார் என்று ஒரு ஊகம். பிறகு கண்ணாடியில் என் மடியைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க ஃபாதர், வாய் பழகிடுச்சு.” நான் ஃபாதர் இல்லப்பா என்றேன். “இருந்தாலும் சாமி புத்தகம் வெச்சிருக்கீங்க” என்றார்.

நல்ல மனிதர். ஆனால் மன்னிப்பு வந்து சேர்ந்தது எனக்கு. திட்டு வாங்கிய வேன்காரர் அதற்குள் நூறடி தள்ளிப் போய்விட்டார்.

கிறிஸ்தவர்களாகிய நாங்களும் வசவை இப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். எங்கள் காது கூசுகிறது, எங்கள் பரிசுத்தம் கெடுகிறது என்று. 1745இல் பிரிட்டன் நாடாளுமன்றம் கடவுள் பேரைச் சொல்லிச் சபிப்பதற்கு எதிராக ஒரு சட்டம் போட்டது. கூலியாள், சிப்பாய், மாலுமிக்கு ஒரு ஷில்லிங் அபராதம். கனவானுக்குக் கீழே உள்ள மற்றவர்களுக்கு இரண்டு, கனவானுக்கு ஐந்து. வருஷத்துக்கு நான்கு முறை கோயிலில் இதை வாசிக்கவும் வேண்டும். சட்டம் நடப்புக்கு வந்த 1746இல்தான் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்து, நம் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமையிடமானது. அந்தக் கோட்டையில் யாராவது ஷில்லிங் கட்டினார்களா என்பதல்ல என் கவலை. கூலியாளை நாயே என்று விரட்டியிருந்தால் அந்தச் சட்டத்தில் காலணா அபராதம் கிடையாது. கடவுளின் பேருக்குத்தான் காவல் இருந்தது, கூலியாளுக்கு இல்லை.

மலைப்பிரசங்கத்தில் இயேசு கவலைப்பட்டது வேறு. சகோதரனை மூடனே என்று சொல்வதைக் கொலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார். மூடன் எந்தப் பட்டியலிலும் கெட்ட வார்த்தை இல்லை. இயேசு பிடிபட்ட இரவில் சீடர் பேதுருவும் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது சபிக்கத்தான் செய்தார், மத்தேயு ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சேவல் கூவியதும் அவர் அழுதது வாய் தவறியதற்காக என்று யாரும் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்லை. தெரிந்த மனிதரைத் தெரியாது என்றதற்காக அழுதார்.

கடலூர் துறைமுகத்தில் விடிகாலை மீன் ஏலத்தின்போது நின்று கேளுங்கள். மச்சானும் மச்சானும் கொஞ்சிக்கொள்ளும் மொழியே அச்சில் ஏறாது. அது எனக்குப் பிடிக்காது, என் வாயில் வராது, பிள்ளைகள் பேசினால் அதட்டுவேன். யாக்கோபு நாக்கை நெருப்பென்று சும்மா சொல்லவில்லை. ஆனாலும் அங்கே யாரும் யாரையும் கீழே தள்ளவில்லை. சுத்தமான தமிழில் தள்ளுகிற இடங்கள் வேறு. ஜெபத்தோடு தொடங்கும் கமிட்டியில் “அவங்க ஆளுங்க அப்படித்தான்” என்பார்கள். கிறிஸ்தவப் பத்திரிகையின் மணமகன் தேவை பகுதியில், இரட்சிக்கப்பட்டவர் என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்கும். இதற்கெல்லாம் யாரும் நாக்கைக் கடித்துக்கொள்வதில்லை.

இந்தப் பேச்சு முற்றினால் எங்கே போகும் என்பதை எங்கள் பக்கம் பார்த்துவிட்டோம். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் எறையூர். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள். ஒரே மாதா, ஒரே ஜெபமாலை. தலித்துகள் கேட்டது தங்களுக்கென்று தனிப் பங்கு.

இன்னொன்றும் உண்டு, சபையில் பலருக்குத் தெரியாது. சாதி சொல்லிப் பொது இடத்தில் இழிவாகப் பேசினால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும், ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் 1950ஆம் வருஷத்து குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை. ஆகவே அதே வசவு ஞானஸ்நானம் பெற்ற தலித் மேல் விழுந்தால் அந்தச் சட்டம் அவருக்குக் கிடையாது. 296 போன்ற பொதுப் பிரிவுகள்தான் மிச்சம், 296ம் ஆபாசமாக இருந்தால்தான். நாகரிகமாக இழிவு செய்தால் அதுவும் இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் சபையாவது நிற்க வேண்டாமா?

போன மாதம் வாலிபர் முகாமுக்காக, பேசக் கூடாத வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள். தம்பிகள் வெட்கத்தோடு எழுதிக் கொண்டுவந்ததில் எல்லாம் இருந்தது, சினிமாவில் ‘பீப்’ போடுகிற அத்தனையும். மேலே இரண்டைச் சேர்த்தேன்: ‘காலனி ஆளுங்க’, ‘நம்ம ஆளுங்களா?’ செயலாளர் தம்பி தலையைச் சொறிந்தான். “ஐயா, இது கெட்ட வார்த்தை இல்லையே. எங்க அப்பாவே சொல்வாரே.” அப்பாவிடமும் பட்டியலைக் காட்டு என்றேன். பட்டியல் இப்போது கமிட்டியில் இருக்கிறது. மற்ற வார்த்தைகளுக்கு அன்றைக்கே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.