மேடைக்கு யார் பொறுப்பு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வெல்டர் உயரத்தில் ஏறி வேலை செய்ய வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். ஹெல்மெட்டும் சேஃப்டி பெல்ட்டும் வேண்டும். மோட்டாரைக் கழற்றுவதென்றால் மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை தொங்கவிட வேண்டும். (எல்லாத் தொழிற்சாலையும் இதை ஒழுங்காகச் செய்கிறதா என்றால் அது வேறு கதை. விதி இருக்கிறது, மீறினால் கேட்க ஆள் இருக்கிறது. அதுவே பெரிய விஷயம்.)

அதே வெல்டரின் மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிறாள். அவள் ஏறும் மேடையை யார் சரிபார்த்தார்கள்?

பதில் எல்லோருக்கும் தெரியும். யாரும் இல்லை!

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே பலகை, அதன்மேல் ஜமுக்காளம். ஜமுக்காளத்துக்கு அடியில் ஒயர். ஒட்டுப் போட்ட இடத்தில் செல்லோ டேப். மேடைக்கு மேலே சீரியல் செட், பக்கத்தில் நைலான் துணி. மைக் செட்காரர் மாலை நாலு மணிக்கு வந்து கட்டிவிட்டு, இன்னொரு விழாவுக்கு ஓட வேண்டும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுத்த காசுக்கு அவர் அவ்வளவுதான் செய்ய முடியும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பழைய ஆயிரம் வாட் ஃபோகஸ் லைட் நான்கு போட்டால் 4000 வாட். 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியரைத் தாண்டும். வகுப்பறைச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக் 5, 6 ஆம்பியருக்கானது. பெரிய பவர் பிளக்கே 16தான். ஃபியூஸ் போகும். உடனே யாராவது ஒருவர் தடிமனான கம்பியாகப் பார்த்துச் சுற்றிவிடுவார். விளக்கு எரியும், கைதட்டல் கிடைக்கும். சுவருக்குள் ஒயர் சூடாகிக் கொண்டிருக்கும்.

இது வீண் பயம் என்பவர்கள் 1995 டிசம்பர் 23-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அரியானாவின் மண்டி டப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா. பந்தலில் பிடித்த தீயில் 400 பேருக்கும் மேல் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் 2024 டிசம்பர் 29, கொச்சி கலூர் மைதானம். ஆயிரக்கணக்கானோர் ஆடிய நடன நிகழ்ச்சி. தற்காலிக மேடையின் ஓரத்தில் உறுதியான தடுப்பு இல்லை. எம்.எல்.ஏ. உமா தாமஸ் சுமார் 15 அடி கீழே விழுந்து படுகாயம் அடைந்தார். ஒரு எம்.எல்.ஏ.வுக்கே இந்த கதி என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு?

சரி, விபத்தை விடுங்கள். விபத்தே நடக்காத விழாக்களில் என்ன நடக்கிறது? ஒலிபெருக்கியை மைக்குக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து வரும் சத்தத்தையே மைக் திரும்பப் பிடிக்க, 'கூ...' என்று ஊளை. நாடகத்தில் எட்டுப் பிள்ளைகள், மைக் ஒன்று. வசனம் பேசுகிறவர் மைக்கைத் தேடி ஓடுகிறார், பேசி முடித்து ஓரமாக நகர்கிறார். நடிப்பா அது? மூன்று வாரம் ஒத்திகை பார்த்த உழைப்பு, ஒரு ஒயரால் பாழ்.

தமிழனுக்கு மேடைக் கலை தெரியாதா? நவாப் ராஜமாணிக்கமும் ஆர்.எஸ். மனோகரும் காட்டிய மேடைத் தந்திரங்களைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியது. இன்றும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. ஆள் வருவதற்கு முன் திரை பிடிப்பது, முதல் பார்வைக்காக ஊரைக் காக்க வைப்பது... இதெல்லாம் மேடை நுட்பம் இல்லாமல் வேறென்ன? ஊருக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் நுழையவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பல படிகள். கலையரசன், கலையரசி பட்டம் உண்டு. நல்ல காரியம், பாராட்ட வேண்டியது. ஆனால் அங்கேயும் ஆடுகிறவருக்கும் பாடுகிறவருக்கும்தான் மதிப்பெண். விளக்குப் போட்ட பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை.

பொறுப்பு யார் தலையில் விழுகிறது? ஓவிய ஆசிரியர் அல்லது பி.டி. சார் தலையில்! 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று பல பிரிவுகள். நாடகத்துக்கென்று ஒன்று இல்லை. அப்போது சம்பளம் மாதம் ஐயாயிரம். பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடியவர்களிடம்தான் 'சார், மேடையையும் பார்த்துக்குங்க' என்கிறோம்.

என்ன செய்யலாம்? திருவள்ளூர் மாவட்டத்தில் 14 வட்டாரங்கள். வட்டாரத்துக்கு ஒருவர், முழுநேரமாக, மேடைத் தொழில்நுட்பத்துக்கு மட்டும். அவர் கையில் ஒரு செட் சாமான். ஷாக் அடித்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் பொருத்திய மின்பெட்டி, மிக்ஸர், நாலைந்து மைக், குறைந்த வாட் எல்.இ.டி. விளக்குகள், மடக்கு மேடை, தீப்பிடிக்காத திரை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளிலா ஆண்டு விழா? ஒரே செட் சுற்றி வரட்டும். அவர் கையெழுத்துப் போடாமல் எந்த மேடையிலும் பிள்ளைகள் ஏறக்கூடாது. சிப்காட்டின் பர்மிட் முறைதான், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அவருடைய இன்னொரு வேலை இதைவிட முக்கியம். பள்ளிக்குப் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து மேடைக்குழு அமைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வகுப்பறையில் தமிழ் உண்டு, தெலுங்கு உண்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் உண்டு. தமிழ் வசனம் வராத பிள்ளையை இப்போது ஓரமாக உட்கார வைக்கிறோம். சைகை பார்த்து விளக்கை ஏற்ற அந்தப் பிள்ளைக்கு எந்த மொழி வேண்டும்? கூச்சத்தில் மேடை ஏறாத பிள்ளைக்கும் இங்கே இடம் இருக்கிறது. பின்னாளில் சோறு போடும் தொழிலாகவும் ஆகலாம்.

'வகுப்பறைக்கே காசில்லை, மேடைக்கு ஆளா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காசு இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் அந்தப் பணத்தைப் பள்ளிக்குக் கொண்டு வரத்தான் இருக்கிறது. ஸ்மார்ட் வகுப்பறையும் குடிநீர் இயந்திரமும் தருகிறவர்கள், 14 செட் சாமானும் பயிற்சி தர நாலு எலக்ட்ரீஷியனும் தரமாட்டார்களா? கேட்டால்தானே தெரியும்! ஆனால் ஆளுக்குச் சம்பளம் அரசுதான் தர வேண்டும். அதையும் ஐயாயிரத்தில் முடிக்கப் பார்க்கக் கூடாது.

தொழிற்சாலைகளுக்கு 1948-லேயே சட்டம் எழுதினோம். அப்பனின் உயிருக்கு ஒரு பொறுப்பாளரை வைத்த நாடு, மகளின் மேடைக்கு ஒருவரை வைக்க இன்னும் எத்தனை ஆண்டு விழா நடக்க வேண்டும்?