கல்யாணம் முதல் அத்தியாயத்தில்... காதல் கடைசி அத்தியாயத்தில்!

கணவனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. ஊர் புதிது. உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. வயிற்றில் குழந்தை. இருப்பது ஒரு கூண்டுவண்டி மட்டும். அந்த நிலையில், முன்பின் தெரியாத ஒரு விவசாயி எதிரே வந்து நின்று, தன்னைத் திருமணம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்கிறான்.

மார்ட்டிக்கு வருவது கண்ணீர் இல்லை, கோபம். ஆனால் அவன் கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அவன் பெயர் கிளார்க். மனைவியை இழந்தவன். தத்தித் தத்தி நடக்கும் மிஸ்ஸி என்ற குழந்தைக்கு ஒரு அம்மா வேண்டும். இவளுக்கோ குளிர்காலத்தைக் கடக்க ஒரு கூரை வேண்டும். வசந்தம் வந்ததும் கிழக்கே திரும்பும் வண்டிகள் வரும். அதுவரை பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால், மிஸ்ஸியையும் அழைத்துக்கொண்டு அவள் ஊருக்குத் திரும்பலாம், பயணச் செலவு அவனுடையது. இதுதான் ஒப்பந்தம். தாலி கட்டாத குறையாக ஒரு பாதிரியார் முன்னிலையில் காரியம் முடிந்துவிடுகிறது. அவள் வீட்டுக்குள், அவன் வீட்டை ஒட்டிய சாய்ப்பில். இப்படித்தான் ஆரம்பிக்கிறது 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'.

1979-ல் அமெரிக்காவின் பெத்தனி ஹவுஸ் பதிப்பகம் வெளியிட்ட நாவல் இது. எழுதியவர் ஜேனட் ஓக், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துப் பண்ணை வீட்டுப் பெண். எழுதும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சாமி புத்தகம் போடும் பதிப்பகத்துக்குக் காதல் கதை எதற்கு என்று யோசித்திருந்தால், இன்று அமெரிக்கப் புத்தகக் கடைகளில் தனி அலமாரி பிடித்திருக்கும் 'கிறிஸ்தவக் காதல் நாவல்' இந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மார்ட்டிக்குச் சமைக்கவும் தெரியாது. முதல் சில நாட்கள் வேளாவேளைக்கு பேன்கேக்தான். கிளார்க் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுகிறான். 'ஐ லவ் யூ' எதுவும் கிடையாது. அந்தப் பேன்கேக்கை அவன் மறுபடியும் மறுபடியும் சாப்பிடுவதுதான் காதல் காட்சி! நிச்சயித்த கல்யாணத்தில் ஆரம்பித்து, புருஷன் மனசை மெல்ல மெல்லப் புரிந்துகொள்ளும் கதைகளை ரமணிசந்திரன் எழுத்தில் படித்து வளர்ந்த நம் வாசகிகளுக்கு இந்த வீடு ஒன்றும் புதிது இல்லை. ஊர்தான் வேறு.

வசந்தம் வருகிறது. வண்டிகளும் வருகின்றன. மார்ட்டி என்ன முடிவெடுத்தாள் என்பதைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். தொடரில் மொத்தம் 8 புத்தகங்கள் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. 2003-ல் கேத்தரின் ஹெய்கல் நடிப்பில் இதைப் படமாகவும் எடுத்தார்கள். படத்தில் மிஸ்ஸியைப் பெரிய பெண்ணாக்கிவிட்டார்கள். கைக்குழந்தையைப் போல இருக்கும் புத்தகத்து மிஸ்ஸிதான் அழகு.

கதவு சாத்தப்படும் கதைகள்

வாடகை நூலகத்தில் மில்ஸ் அண்ட் பூன் எடுத்து, பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அந்த மில்ஸ் அண்ட் பூனை 1971-ல் வாங்கிய கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனமே, 1997-ல் கிறிஸ்தவக் காதல் நாவல்களுக்கென்று 'லவ் இன்ஸ்பயர்ட்' என்ற தனி வரிசையை ஆரம்பித்தது. சந்தை எவ்வளவு பெரிதாகியிருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்த வகை நாவல்களுக்குச் சில எழுதாத சட்டங்கள் உண்டு. கெட்ட வார்த்தை கூடாது. படுக்கையறைக் கதவு வாசகருக்குத் திறக்காது. முதல் முத்தத்துக்கே பல நூறு பக்கங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் 'சப்பென்று இருக்குமே' என்று தோன்றலாம். நல்ல எழுத்தாளர் கையில் நடப்பது அதற்கு நேர்மாறு. உடம்பை ஒதுக்கி வைத்துவிட்டால், மீதி எல்லாவற்றையும் எழுதித்தானே ஆகவேண்டும்? பார்வை, மௌனம், சாப்பாட்டு மேசையில் நகர்த்தி வைக்கப்படும் ஒரு கோப்பை... எல்லாவற்றிலும் கனம் ஏறிவிடுகிறது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சாதாரணக் காதல் கதையில் 'இவர்கள் சேருவார்களா?' என்பதுதான் கேள்வி. இதில் சேருவார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். சில நாவல்களில் முதலிலேயே சேர்ந்தும்விடுகிறார்கள். 'என்னைப் போய் ஒருவர் நேசிக்க முடியுமா? செய்த தப்பை மன்னிக்க முடியுமா?' என்ற கேள்விதான் கதையை ஓட்டுகிறது. மதம் எதுவானாலும் கல்யாணமாகிச் சில வருஷம் ஆனவர்களுக்கு இது அந்நியமான கேள்வி இல்லை.

பெயரைச் சொல்லாத பெண்

அந்தக் கேள்வியை எல்லை வரை இழுத்துக்கொண்டு போனவர் பிரான்சின் ரிவர்ஸ். இவர் முதலில் எழுதியது கதவு சாத்தாத காதல் கதைகள்தான், அதில் நன்றாகவே பெயரும் வாங்கியிருந்தார். 1986-ல் விசுவாசத்துக்குள் வந்தபின் பழையபடி எழுத வரவில்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு, 1991-ல் வந்த புத்தகம்தான் 'ரிடீமிங் லவ்'. தன் பழைய நாவல்களை இன்று அவரே யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் ஓசியா என்று ஒரு தீர்க்கதரிசி. ஓடிப்போகும் மனைவியைத் திரும்பத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி அவருக்குக் கட்டளை. அந்தக் கதையை 1850-களின் கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்துக்கு மாற்றினார் ரிவர்ஸ். எட்டு வயதில் விற்கப்பட்டு, விபசார விடுதியிலேயே வளர்ந்த பெண் ஏஞ்சல். அவளைத்தான் மணக்க வேண்டும் என்று கடவுள் சொன்னதாக நம்பும் விவசாயி மைக்கேல் ஓசியா. அவன் அழைத்து வருகிறான், அவள் ஓடிப்போகிறாள். அவன் போய் அழைத்து வருகிறான், மறுபடியும் ஓடிப்போகிறாள்.

அவள் ஏன் ஓடுகிறாள் என்பதில்தான் நாவலின் உயிர். வெறுப்பால் ஓடவில்லை. அன்பு கிடைத்துவிடுமோ என்ற பயத்தில் ஓடுகிறாள். இதுவரை பார்த்த எல்லா ஆண்களும் காசு கொடுத்துவிட்டு எதையோ கேட்டவர்கள். எதையும் கேட்காமல் கொடுப்பவனை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கலவரத்தை ரிவர்ஸ் எழுதியிருக்கும் விதத்துக்காகவே இந்தப் புத்தகம் 30 ஆண்டுகளைத் தாண்டியும் கைமாறிக்கொண்டிருக்கிறது. கதையில் அவளை மிகவும் கேவலமாக நடத்துபவன் விடுதிக்காரன் மட்டும் இல்லை. மைக்கேலின் இறந்துபோன தங்கையின் கணவன் பாலும்தான். ஊருக்கு அவன் நல்லவன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாத இடமும் இங்கே உண்டு. அடிபட்டு அரை மயக்கத்தில் கிடக்கும் பெண்ணிடம் சம்மதம் வாங்கித் திருமணம் செய்கிறான் மைக்கேல். அது சம்மதமா? அவளுடைய உண்மைப் பெயர் தெரியாமல் மாரா, அமண்டா, திர்சா என்று தானே ஒவ்வொரு பெயராகச் சூட்டுகிறான். போனவளைத் தேடிப்போய்க் கூட்டி வருகிறான். கடவுளின் அன்பு மனிதனைத் துரத்தும் என்பது உருவகமாக இருக்கும்வரை சரி. ஒரு மனிதன் அதைச் செய்தால்? 'காத்திருக்கும் ஆம்பளை' எங்கே முடிகிறான், 'விடாமல் துரத்தும் ஆம்பளை' எங்கே தொடங்குகிறான்? நம் சினிமாவைப் பார்த்து நாம் கேட்கும் அதே கேள்வியை, அங்கேயும் பல வாசகிகள் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

நாவலின் கடைசிப் பகுதி ஓரளவு இதற்குப் பதில் சொல்கிறது. கடைசி முறை அவள் போகும்போது மைக்கேல் தேடிப் போவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அவள் தன் காலில் நிற்கிறாள், தன்னைப்போல் சிக்கிய பெண்களுக்கு ஒரு வழி செய்கிறாள். ஆண்டுகள் கழித்துத் தானாகத் திரும்பி வந்து, அத்தனை காலம் யாரிடமும் சொல்லாத தன் சொந்தப் பெயரை அவனிடம் சொல்கிறாள். அந்த ஒரு பக்கத்துக்காக முந்தைய நானூறு பக்கங்களை மன்னித்துவிடலாம். (2022-ல் வந்த சினிமாவை மன்னிப்பது கொஞ்சம் கஷ்டம்.) குழந்தைப் பருவக் கொடுமைகள் வெளிப்படையாக வரும் கதை. அதனால் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், பெரியவர்கள் படிக்கலாம்.

சலிப்பு தருபவையும் இருக்கின்றன. நம்பிக்கை உள்ளவர் இல்லாதவரை மணக்கக் கூடாது என்பது இந்த வகையின் இன்னொரு சட்டம். அதனால் கடைசி இரண்டு அத்தியாயங்களுக்குள் கதாநாயகன் எப்படியாவது மனம் திரும்பியாக வேண்டும். க்ளைமாக்ஸில் திடீரென்று திருந்தும் நம் ஊர் வில்லனைப்போல, அவசர அவசரமாக ஒரு ஜெபம், உடனே ஒரு மோதிரம். நூற்றுக்கு நூறு செயற்கை.

மன்னிப்பைச் சுலபமாக விற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2021-ல் ஒரு உதாரணம் கிடைத்தது. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம் கேரன் விட்மையரின் 'அட் லவ்ஸ் கமாண்ட்' நாவலுக்கு விருது அறிவித்தது. கதையின் தொடக்கத்திலேயே, பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்ட வூண்டட் நீ படுகொலை. அதில் பங்கெடுத்த ராணுவ அதிகாரிதான் கதாநாயகன். குற்ற உணர்ச்சியில் புழுங்குகிறான், பிறகு காதலும் மீட்சியும் கிடைக்கின்றன. 'செத்தவர்கள் இவன் திருந்துவதற்கான படிக்கட்டா?' என்று எழுந்த எதிர்ப்பில், சில நாட்களிலேயே விருது திரும்பப் பெறப்பட்டது. அதே விட்மையரின் 'எ டெய்லர் மேட் பிரைட்' சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் தையல்காரியின் ஜாலியான கதை. ஆசிரியரை ஒதுக்குவதைவிடப் புத்தகத்தைப் பார்த்து எடுப்பது நல்லது.

எதில் தொடங்கலாம்?

கேத்தரின் மார்ஷலின் 'கிறிஸ்டி' 1967-ல் வந்தது. 1912-ல் டென்னஸி மலைக் கிராமத்துக்குப் பாடம் சொல்லித்தரப் போகும் 19 வயதுப் பெண்ணின் கதை, ஆசிரியரின் அம்மா வாழ்க்கையைத் தழுவியது. ஒரு பக்கம் போதகர், இன்னொரு பக்கம் கடவுளை நம்பாத டாக்டர். வறுமை, பகை, டைபாய்டு என்று நகரும் நாவலில் காதல் ஓரமாகத்தான் வருகிறது. ஆனால் வந்தபின் போகாது. அமெரிக்கக் கிறிஸ்தவப் புனைகதைக்கான விருதுக்கே 'கிறிஸ்டி' என்றுதான் பெயர்.

கார், கரண்ட் கம்பி இல்லாமல் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் மக்களைப் பற்றித் தெரியவேண்டுமா? பெவர்லி லூயிஸின் 'தி ஷன்னிங்' (1997). கல்யாணத்துக்குத் தயாராகும் பெண் பரணில் ஒரு பட்டுக் குழந்தைச் சட்டையைக் கண்டுபிடிக்கிறாள். பட்டு உடுத்தாத வீட்டில் அது எப்படி வந்தது? இந்த நாவலுக்குப் பின் ஆமிஷ் காதல் கதைகள் மழைக்காளான்போல முளைத்துவிட்டன. மற்றவற்றை எடுக்கும்முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு டெபோரா ரேனியின் 'எ வவ் டு செரிஷ்'. மனைவிக்கு அல்சைமர். கணவனையே அடையாளம் தெரியாமல் போகிறது. அந்த நேரத்தில் அவன் வாழ்க்கையில் அன்பான இன்னொரு பெண். இதில் யாரும் வில்லன் இல்லை, அதுதான் வலி. திருமண உறுதிமொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை கேட்கும் நாவல்.

காசு செலவில்லாமல் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் இருக்கிறார். கணவர் இறந்தபின் இரண்டு மகள்களைக் காப்பாற்ற எழுத்தையே நம்பி, நூறு புத்தகங்களுக்கு மேல் எழுதியவர். 1908-ல் வந்த அவருடைய 'மார்சியா ஷைலர்' காப்புரிமை முடிந்த நூல், குட்டன்பர்க் தளத்திலிருந்து இலவசமாக போனில் இறக்கிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கா வேறொருவனோடு போய்விடுகிறாள். மாப்பிள்ளை வந்து நிற்கிறான், ஊரும் வந்து நிற்கிறது. அப்பா, 17 வயதுத் தங்கையைப் பார்க்கிறார்...